அடையாள அட்டையின் கடைசி இலக்கம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை – 2020

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை எங்கும் ஊரடங்கு. பல மாவட்டங்களில் அது இடையிடையே தளர்ந்தது. கொழும்பில் மே 26 வரை நீடித்தது. காலி வீதியின் புடைவைக் கடைகள் மூடிக்கிடக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வாசலுக்கு மரக்கறி லொறி வந்தது. பருப்பு கிலோ 65 ரூபாய், டின்மீன் 100 ரூபாய் என அரசு விலை குறித்தது. அந்த விலைக்குப் பொருள் கிடைப்பதுதான் அரிது. மே 11 முதல், அத்தியாவசியத் தேவைக்கு வெளியே போகும் நாளை அடையாள அட்டையின் கடைசி இலக்கம் தீர்மானித்தது: 1, 2 என்றால் திங்கள், 9, 0 என்றால் வெள்ளி.

கொட்டாஞ்சேனை பட்டது இதைவிட அதிகம். புறக்கோட்டையில் நாட்கூலிக்கு மூட்டை சுமந்தவர்களுக்கு வேலை நின்ற அன்றே வருமானமும் நின்றது. அரசு கொடுத்த 5,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும்? ஒரே குழாயடியையும் கழிப்பறையையும் பல வீடுகள் பகிரும், ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு இடம் எங்கே? ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியது. கொட்டாஞ்சேனை மீண்டும் முடக்கப்பட்டது. நவம்பர் 9 அன்று மேல் மாகாண ஊரடங்கு விலகிய பின்னும் இந்தப் பொலிஸ் பிரிவு திறக்கப்படவில்லை.