கூட்டு அரசாங்கமும் பத்து மருமக்களும்

முன்னர் என்னிடம் ஓதிய ஒரு சகோதரி ஒரு நாள் கேட்டார்: "மௌலவி, இரண்டே கட்சி இருந்தால் வென்றவர் ஆளுவார், தோற்றவர் எதிரே அமர்வார். பல கட்சி கூடி ஆளுவது ஒரே குசினியில் பத்து மருமக்கள் சமைப்பதுபோல் அல்லவா?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் கேள்வி நியாயமானது.

ஒருவரே சமைத்த காலத்தையும் நம் நாடு கண்டிருக்கிறது. அன்று தொகுதியில் கூடுதல் வாக்குப் பெற்றவருக்கே ஆசனம். மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் அத்தோடு சரி. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 38 வீத வாக்குகள் கிடைத்தன. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 37 வீதமே. ஆசனங்களோ முன்னதற்கு 17, பின்னதற்கு 91! (சுதந்திரக் கட்சி சில தொகுதிகளை இடதுசாரித் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்ததையும் சொல்லவேண்டும். அன்றும் கூட்டு இருக்கத்தான் செய்தது.) 1977 இல் தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 இல் 140 ஆசனங்கள். ஏறக்குறைய 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு.

இரு அரசாங்கங்களும் புதிய யாப்பு எழுதின. ஒன்று 1972 இல், மற்றது 1978 இல். இரண்டும் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டின. 1977 இல் தெரிவான சபை 1988 டிசம்பர் வரை இருந்தது. தடுக்கப் போதிய ஆட்கள் எதிரே இல்லை.

முஸ்லிம்களில் மூன்றில் இரு பங்கினர் வடகிழக்குக்கு வெளியே சிதறி வாழ்கிறோம். அதனால்தான் கொழும்பு மத்தி, பேருவளை, பொத்துவில் போன்ற இடங்களைப் பல அங்கத்தவர் தொகுதிகளாக வைத்திருந்தார்கள். விகிதாசார முறையில் பாராளுமன்றத் தேர்தல் முதன்முதல் நடந்தது 1989 இல். வெட்டுப்புள்ளி அதற்கு முன்பே 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 1994 இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், தேவை 113. முஸ்லிம் காங்கிரஸின் ஏழு ஆசனங்களுக்கு அன்று என்ன பெறுமதி என்று எண்ணிப் பாருங்கள். மர்ஹூம் அஷ்ரப் அமைச்சரானது அந்தக் கணக்கில்தான்.

அதே கணக்கு கவிழ்க்கவும் செய்யும். 2001 இல் காங்கிரஸ் விலக அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. ஆண்டு முடியுமுன் மீண்டும் தேர்தல். அமைச்சுப் பதவி கொடுத்து ஆள் சேர்க்கும் வழக்கமும் முற்றியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 என்று வரம்பு கட்டியது; தேசிய அரசாங்கமென்றால் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பின்கதவையும் திறந்து வைத்தது. இது எனக்கு உவப்பில்லை. ஆயினும் 1977 இன் எட்டு ஆசனத்தைவிட இந்த இரைச்சல் பரவாயில்லை என்பேன்.

விகிதாசாரம் என்றால் எப்போதும் கூட்டுத்தான் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2024 இல் தேசிய மக்கள் சக்தி 61 வீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று 225 இல் 159 ஆசனங்களை எடுத்தது. அங்கே வாக்கும் பெரிது, ஆசனமும் பெரிது.

இவ்வளவும் கேட்ட சகோதரி, "அப்படியானால் மூன்று விருப்பு வாக்கையும் ஆள் பார்த்துத்தான் போடவேண்டும், மௌலவி" என்றார்.