நரம்புச் சிலந்தியும் படிக்கிணறும்

உழவர் பெருமக்களே, திண்டுக்கல் சமவெளியில் படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகள் இன்றும் உண்டு. நரம்புச் சிலந்தி நோயை ஒரு காலத்தில் பரப்பியவை இத்தகைய கிணறுகள்தாம்.

பெயர்தான் சிலந்தி, உண்மையில் இது நூல் போன்ற புழு. ஒரு மீட்டர் வரை நீளும். கெட்ட நீரைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கண்டு, உடைந்து புண்ணாகும். அதன் வழியே புழு தலைகாட்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைப்பார். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந்த நீரைப் பருகுவோருக்கு மறு ஆண்டு நோய். புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக வெளியே எடுப்பார்கள். அறுந்தால் சீழ் பிடிக்கும். உழவு நேரத்தில் வாரக்கணக்கில் படுத்துவிட்டால் வெள்ளாமை என்னாகும்?

இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. 1983-84-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நோய் இருந்த 7 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள். நீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். டெமிபாஸ் மருந்தை நீரில் கலந்தார்கள். நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடென அறிவித்தது. ஆப்பிரிக்காவில், குறிப்பாகச் சாடு நாட்டு நாய்களிடம், புழு இன்னும் தங்கியிருக்கிறது.

நோய்தான் போயிற்றே, படியை ஏன் அடைக்க வேண்டும் என்பீர்கள். கால் நனைந்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமியும் டைபாய்டு கிருமியும் சேரும். ஆகவே குடிநீர் எடுக்கும் கிணற்றில் படியை அடைத்து, இடுப்பளவு சுற்றுச்சுவர் எழுப்பி, ராட்டினம் மாட்டுங்கள்.