சட்டப்பேரவை இல்லாத அந்தமானில் மாவட்ட ஊராட்சியின் கடமைகள் என்ன? அதன் அதிகாரம் எதுவரை?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சட்டப்பேரவை இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. தீவுகள் முழுவதற்கும் மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர் மட்டுமே உள்ளார். இந்நிலையில், கிராமப்புற மக்கள் வாக்களித்து அமைக்கும் உள்ளாட்சி அமைப்புகளில் உயர்ந்ததாக இருப்பது 'ஜில்லா பரிஷத்' எனப்படும் மாவட்ட ஊராட்சியே.

தீவுகளின் தற்போதைய ஊராட்சி அமைப்புகள் 2022 மார்ச் மாதம் நடைபெற்ற தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027-இல் நிறைவடைய உள்ள நிலையில், மாவட்ட ஊராட்சி என்ன செய்கிறது, என்ன செய்ய இயலாது என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஏன் தனி முக்கியத்துவம்?

அந்தமான் நிக்கோபார் ஒரு யூனியன் பிரதேசமாகும். அரசியலமைப்பின் 239-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் இதனை நிர்வகிக்கிறார். புதுச்சேரி, டெல்லி ஆகியவற்றைப் போல இங்கு அமைச்சரவை இல்லை. தீவுகளுக்கான சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றலாம். அல்லது 240-ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைச் சட்டமாகப் பிறப்பிக்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இதில் 2,37,093 பேர், அதாவது சுமார் 62 விழுக்காட்டினர், கிராமப்புறங்களில் வாழ்கின்றனர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து அதிகமானோரின் தாய்மொழியாக இருப்பது தமிழ். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தின் குறை ஊராட்சி மன்றத்தில் தீராவிட்டால் சட்டமன்ற உறுப்பினரிடம் செல்லும்; அவர் அதனைப் பேரவையில் எழுப்பலாம். தீவுகளில் அந்த இடைநிலைப் படி இல்லை. எனவே, அதனை ஓரளவேனும் நிரப்ப வேண்டிய பொறுப்பு மாவட்ட ஊராட்சியின் மீது விழுகிறது.

மூன்றடுக்கு முறை

நாடு முழுவதும் ஊராட்சி அமைப்புகளுக்கு அரசியலமைப்பு நிலையை அளித்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஊராட்சிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1994-இல் பிறப்பிக்கப்பட்டது. அதன்கீழ் முதல் தேர்தல் 1995-இல் நடைபெற்றது.

இச்சட்டம் மூன்று அடுக்குகளை வகுத்துள்ளது. அடிமட்டத்தில் 70 கிராம ஊராட்சிகள் உள்ளன. அவற்றின் தலைவர் 'பிரதான்' என அழைக்கப்படுகிறார். இடைநிலையில் 7 பஞ்சாயத்து சமிதிகள் இயங்குகின்றன. தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியக் குழுவுக்கு ஒப்பான இவற்றின் தலைவர் 'பிரமுக்'. மேல்மட்டத்தில் தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான் என இரு மாவட்ட ஊராட்சிகள் உள்ளன. இவற்றின் தலைவர் 'அத்யக்ஷா'.

கிராமத் தலைவரான பிரதானை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மாவட்ட ஊராட்சியின் உறுப்பினர்களும் நேரடித் தேர்தல் மூலம் வருகின்றனர். ஆனால் அத்யக்ஷாவை அந்த உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். எல்லா அடுக்குகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை.

தலைநகரான ஸ்ரீ விஜயபுரம் இந்த முறைக்குள் வராது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என அறியப்பட்ட அந்நகரை, 24 வார்டுகளைக் கொண்ட நகராட்சி மன்றம் தனியே நிர்வகிக்கிறது.

மாவட்ட ஊராட்சியின் கடமைகள்

அரசியலமைப்பின் 243ஜி பிரிவு ஊராட்சிகளுக்கு இரு பணிகளைச் சுட்டுகிறது. பொருளாதார வளர்ச்சி, சமூக நீதி ஆகியவற்றுக்கான திட்டங்களைத் தயாரிப்பது முதலாவது. தம்மிடம் ஒப்படைக்கப்படும் திட்டங்களை நிறைவேற்றுவது இரண்டாவது. இதற்கான துறைகளாகப் பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. வேளாண்மை, சிறுபாசனம், மீன்வளம், குடிநீர், சாலைகள், பாலங்கள், படகுப் போக்குவரத்து, தொடக்கக் கல்வி, சுகாதாரம், சந்தைகள், பொது வினியோகம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஒரு கிராமத்தின் தெருவிளக்கு, நடைபாதை, வடிகால் போன்றவை கிராம ஊராட்சியின் நிலையிலேயே தீர்க்கப்பட வேண்டியவை. பல கிராமங்களுக்குப் பயன்படும் சாலை, சிறுபாலம், சந்தைக் கட்டடம் போன்றவை மேல் அடுக்குகளின் கவனத்துக்கு உரியவை. கீழ் அடுக்குகளிலிருந்து வரும் தேவைகளை மாவட்ட அளவில் தொகுத்து முன்னுரிமை வகுப்பதும், ஆண்டுத் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் நிறைவேற்றுவதும், நடைபெறும் பணிகளைக் கண்காணிப்பதும் மாவட்ட ஊராட்சியின் முதன்மைக் கடமைகள். மன்றத்தின் முடிவுகளைச் செயல்படுத்தும் பொறுப்பு தலைமைச் செயல் அலுவலருக்கு உரியது.

நிலப்பரப்பு இப்பணியைக் கடினமாக்குகிறது. தெற்கு அந்தமான் மாவட்டத்தில் முதன்மைத் தீவுடன், சுற்றுலாத் தலமான ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆகியவையும், தெற்கே கடல் கடந்து உள்ள சிறிய அந்தமானும் அடங்கும். சிறிய அந்தமானின் ஹட் பே பகுதியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் தலைநகருக்கு வர, கப்பலில் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். கடல் சீற்றமான நாள்களில் அப்பயணமும் உறுதியில்லை.

அதிகாரம் எங்கே நிற்கிறது?

மாவட்ட ஊராட்சியால் சட்டம் இயற்ற இயலாது. மேலும், 29 துறைகளும் தாமாகவே அதன் கைக்கு வந்துவிடுவதில்லை. அவற்றை ஊராட்சிகளுக்குச் சட்டத்தின் வழியாக 'வழங்கலாம்' என்றே அரசியலமைப்பு கூறுகிறது. 'வழங்க வேண்டும்' எனக் கூறவில்லை. அந்த ஒரு சொல்லின் வேறுபாடே நாடெங்கும் ஊராட்சிகளின் வலிமையைத் தீர்மானிக்கிறது.

தீவுகளில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். படகுப் போக்குவரத்து பதினோராவது அட்டவணையில் இடம்பெற்றிருப்பினும், தீவுகளுக்கு இடையிலான அரசுக் கப்பல்களை இயக்குவது நிர்வாகத்தின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம். மின்சாரம் மின்துறையின் பொறுப்பில் உள்ளது. பெரிய சாலைப் பணிகளை அந்தமான் பொதுப்பணித் துறை மேற்கொள்கிறது. கப்பல் சேவை குறைந்தால் மாவட்ட ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றலாம், அதிகாரிகளிடம் வலியுறுத்தலாம்; கப்பலை இயக்க உத்தரவிட இயலாது.

நிதி வருவது எப்படி?

மத்திய நிதிக் குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியம் மாநிலங்களின் தொகுநிதி வழியாகச் செல்வது. சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசத்துக்குத் தனித் தொகுநிதி கிடையாது. அதன் வரவும் செலவும் மத்திய அரசின் கணக்கில் சேர்கின்றன. உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை வழியே பணம் ஒதுக்கப்படுகிறது. எனவே தீவுகளின் ஊராட்சிகள் பெரும்பாலும் நிர்வாகம் வழங்கும் மானியத்தையே சார்ந்துள்ளன.

வரி, கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு வழங்க அரசியலமைப்பு இடமளிக்கிறது. ஆயினும், 8,249 சதுர கிலோமீட்டர் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காடாக உள்ள நிலத்தில், சிதறி வாழும் சிறிய மக்கள்தொகையிடமிருந்து திரட்டக்கூடிய வருவாய் குறைவே.

நிக்கோபாரில் வேறு முறை

மூன்றாவது மாவட்டமான நிக்கோபாரில் மாவட்ட ஊராட்சி இல்லை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் காப்பகங்களாக அறிவிக்கப்பட்ட பகுதிகள் ஊராட்சி முறைக்கு வெளியே உள்ளன. அங்கு மரபு வழியான கிராமத் தலைவர்கள் 'கேப்டன்' என அழைக்கப்படுகின்றனர். கிராம மன்றங்களுக்கும் தீவு அளவிலான பழங்குடி மன்றங்களுக்கும் 2009-ஆம் ஆண்டின் பழங்குடி மன்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் சட்ட வடிவம் அளித்தது.

கிரேட் நிக்கோபாரில் இரு முறைகளும் அருகருகே உள்ளன. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட காம்ப்பெல் பே பகுதியில் கிராம ஊராட்சிகளும் பஞ்சாயத்து சமிதியும் இயங்குகின்றன. பழங்குடியினர் பகுதிகளுக்குப் பழங்குடி மன்றம் உள்ளது. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை உள்ளடக்கிய கிரேட் நிக்கோபார் திட்டத்துக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தை மாற்றுவதற்கு 2022 ஆகஸ்ட் மாதம் அளித்த ஒப்புதலை, அப்பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. எந்த மன்றம் யாருக்காகப் பேசுகிறது, அதன் சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை என்ற கேள்வி தீவு மக்களின் நிலத்தையும் வாழ்வாதாரத்தையும் தொடுகிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

தேர்தல் தள்ளிப்போனால்?

ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டுகள் மட்டுமே. அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும் என அரசியலமைப்பின் 243இ பிரிவு கூறுகிறது. எனினும், அந்தமானில் 2015-க்குப் பின் 2020-இல் நடைபெற வேண்டிய தேர்தல், கொரோனா பரவல் காலத்தைக் கடந்து 2022 மார்ச் 6 அன்றுதான் நடைபெற்றது. தமிழ்நாட்டிலும் 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஆனால் அத்தகைய இடைவெளியில் தமிழ்நாட்டு மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கின்றனர். தீவுகளின் கிராமவாசிக்கோ, மக்களவை உறுப்பினர் ஒருவரைத் தவிர, தேர்ந்தெடுத்த பிரதிநிதி எவரும் எஞ்சுவதில்லை.

மக்கள் என்ன செய்யலாம்?

வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் தம் கிராம சபையின் உறுப்பினர். கிராமத்தின் தேவை அச்சபையில் பதிவாகி, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றால்தான் மேல் அடுக்குகளுக்குச் செல்லும். ஊராட்சிகளின் திட்டங்களையும் செலவு விவரங்களையும் மத்திய ஊராட்சி அமைச்சகம் 2020-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் எவரும் காணலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஊராட்சியிடம் விவரம் கோரவும் முடியும்.

2027-இல் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், தம் பகுதியின் எந்தப் பணிகளை மாவட்ட ஊராட்சியின் திட்டத்தில் சேர்ப்பார், நிர்வாகத்திடமிருந்து எந்தத் துறைகளைக் கேட்டுப் பெற முயல்வார் என வாக்காளர்கள் வினவலாம்.