நடுக்கடலில் 2 பேர்... 56 அடி பாய்மரப் படகு! தூக்கம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் எப்படி?

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் இருந்து ஒரு பாய்மரப் படகு கிளம்பியது. பெயர் ஐஎன்எஸ்வி தாரிணி. உள்ளே இருந்தது இரண்டே பேர். இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, ரூபா அழகிரிசாமி. தில்னாவுக்கு கோழிக்கோடு, ரூபாவுக்கு நம்ம புதுச்சேரி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கு இடங்களில் நின்று, உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள்.

சாதனைச் செய்தியை எல்லாரும் படிச்சிருப்போம். ஆனா இவ்வளவு சின்னப் படகில் மாதக்கணக்கில் எப்படித்தான் வாழ்றாங்க?

எவ்வளவு வேகத்தில் போகும்?

மொத்தத்தில் மிக நீண்ட கட்டம், நியூசிலாந்தின் லிட்டெல்டனில் இருந்து ஃபாக்லாந்தின் போர்ட் ஸ்டான்லி வரை. சுமார் 5,600 கடல் மைல், அதாவது 10,000 கிலோமீட்டருக்கும் மேல். இதைக் கடக்க ஒன்றரை மாதம் ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர்தான். நிதானமா சைக்கிள் மிதிக்கிற வேகம். அந்த ஒன்றரை மாதமும் இறங்க கரையே கிடையாது.

தூக்கம் எப்படி?

ஒருத்தர் தூங்கினால் இன்னொருத்தர் விழித்திருக்கணும். இதற்கு 'வாட்ச்' என்று பெயர். ஆட்டோபைலட் சுக்கானைப் பார்த்துக்கொள்ளும். ஆனா காற்று ஏறினால் பாயைச் சுருக்கணும், எதிரே கப்பல் வருதா என்று பார்க்கணும். அது மனுஷங்க வேலை. அதனால் தூக்கம் இரண்டு, மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும் என்பதால், உருண்டு விழாமல் இருக்க படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு கட்டிக்கொள்வார்கள். நம்ம ஊர்த் தூளியில் குழந்தை கிடக்கிற மாதிரிதான்!

சாப்பாடு, தண்ணீர்?

காய்கறி முதல் சில நாட்களுக்குத்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதுக்கப்புறம் ஈரம் நீக்கி பாக்கெட்டில் அடைத்த உணவில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான். படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாமல் இருக்க, இந்த மாதிரிப் படகுகளில் அடுப்பே ஊஞ்சல் மாதிரி தொங்கும்.

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால் தாகம் இன்னும் கூடும். அதனால் உப்பைப் பிரித்தெடுக்கும் சின்ன இயந்திரம் படகிலேயே இருக்கும். அதுக்கு கரண்ட் வேணும். அதனால் நல்ல தண்ணீரில் குளிப்பது பெரிய ஆடம்பரம். டாய்லெட்? கையால் பம்ப் அடிக்கிற வகை. ஒரு கையால் எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் உட்காரணும்.

தவறி விழுந்தால்?

இதுதான் பெரிய பயம். மேலே வேலை செய்யும்போது உடலில் கட்டிய பட்டையைப் படகோடு கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். ஒருத்தர் கீழே தூங்கும்போது மற்றவர் கடலில் விழுந்தால், ஆட்டோபைலட் படகை நிறுத்தாது. அது பாட்டுக்கு ஓடும். 10 நிமிஷத்தில் ஒன்றரை கிலோமீட்டர் போயிருக்கும்.

உதவி வர எவ்வளவு நேரம் ஆகும்?

தாரிணி 2025 ஜனவரி இறுதியில் 'பாயின்ட் நீமோ'வைக் கடந்தது. பூமியில் கரையில் இருந்து மிகத் தொலைவான இடம் அதுதான். எந்தப் பக்கம் போனாலும் நிலத்தைத் தொட குறைந்தது 2,688 கிலோமீட்டர். சென்னை - டெல்லி விமானத் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும்போது, அங்கே இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2018 செப்டம்பர் 21-ல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் தனியாகப் போய்க்கொண்டிருந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு புயலில் சிக்கி பாய்மரம் உடைந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. அசையக்கூட முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தார். பிரான்ஸ் நாட்டின் 'ஒசிரிஸ்' கப்பல் வந்து அவரை மீட்டது செப்டம்பர் 24-ல்தான். மூன்று நாள்!

அதே கோல்டன் குளோப் பந்தயத்தின் அடுத்த சுற்றில், 2022-ல் திரும்பவும் கிளம்பி, 2-வது இடம் பிடித்தார் டோமி. தில்னாவுக்கும் ரூபாவுக்கும் பயிற்சி கொடுத்தது அவர்தான்.