கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்



பாஸ்கா திருவிழிப்பு இரவை நினைத்துப் பாருங்கள். இருள் சூழ்ந்த ஆலயத்தினுள் பாஸ்காத் திரி ஏந்திவரப்படுகிறது. திருமுழுக்குத் தொட்டியருகே ஓர் இளைஞர் தலைகுனிந்து நிற்கிறார். அவர் தலைமீது தண்ணீர் வார்க்கப்படுகிறது. வெண்ணிற ஆடை அணிவிக்கப்படுகிறது. எரியும் திரி கையில் தரப்படுகிறது. அவரை மணக்கவிருக்கும் பெண்ணின் குடும்பத்தார் கண்கலங்கி நிற்கின்றனர். ‘என் பழைய வாழ்வு இன்றோடு முடிந்துவிட்டது’ என்ற நிறைவுடன் அவர் வீடு திரும்புகிறார்.

சில மாதங்கள் செல்கின்றன. விட்டொழித்ததாக எண்ணியிருந்த மதுப்பழக்கம் ஒரு கொண்டாட்ட வீட்டில் மீண்டும் தலைதூக்குகிறது. ஒரு முறை, பின்பு இன்னொரு முறை. ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல மனம் கூசுகிறது. ‘இந்த நிலையில் எப்படிப் பீடத்தின் முன் நிற்பேன்?’ என வீட்டிலேயே தங்கிவிடுகிறார். உறவினரோ, ‘ஞானஸ்நானம் பெற்றும் இவர் திருந்தவில்லையே’ எனத் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். நம் பங்குகளில் இத்தகையோர் பலர் உள்ளனர். இதனை வாசிக்கும் நீங்களே அவராகவும் இருக்கலாம்.

அவர் உள்ளத்தை வாட்டும் கேள்விகள் சில உண்டு. நான் பெற்ற திருமுழுக்கு வீணாகிவிட்டதா? என் விசுவாசம் வெறும் நடிப்புத்தானா? மீண்டும் ஒருமுறை திருமுழுக்குப் பெற்றால் இப்பழக்கம் நீங்குமா?

முதலில் நம் ஆண்டவரையே நோக்குவோம். யோர்தான் ஆற்றில் அவர் திருமுழுக்குப் பெற்ற உடனேயே தூய ஆவியார் அவரைப் பாலைநிலத்துக்கு அனுப்பினார்; அங்கே அவர் நாற்பது நாள் சோதிக்கப்பட்டார் என மாற்கு நற்செய்தி கூறுகின்றது (மாற்கு 1:9-13). பாவமே அறியாத இறைமகனுக்கும் திருமுழுக்கை அடுத்து வந்தது சோதனையே. அவ்வாறாயின், சீடராகிய நமக்குச் சோதனை வருவதில் வியப்பென்ன?

திருமுழுக்கு நம் பாவங்கள் அனைத்தையும் மெய்யாகவே போக்குகின்றது. ஆயினும், பாவத்தை நோக்கி நம்மைச் சாய்க்கும் நாட்டம் திருமுழுக்குப் பெற்றவரிடத்தும் எஞ்சியிருக்கின்றது. 1546ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் இதனைத் தெளிவாகக் கற்பித்தது. அந்நாட்டம் தன்னிலே பாவமன்று. நாம் போராடுவதற்கென அது விடப்பட்டுள்ளது. அதற்கு இசையாமல், கிறிஸ்துவின் அருளால் அதனை எதிர்த்து நிற்போருக்கு அதனால் தீங்கு செய்ய இயலாது. எனவே, தீய எண்ணம் உள்ளத்தில் எழுவது வேறு. அதற்கு மனமுவந்து இடங்கொடுப்பது வேறு. முன்னையது சோதனை, பின்னையது பாவம். இவ்வேறுபாட்டை அறியாமல், எழுகின்ற ஒவ்வோர் எண்ணத்துக்காகவும் தம்மையே வெறுப்போர் உள்ளனர். ‘இது மனித இயல்புதானே’ எனக் கூறிப் பாவத்துக்கு இடங்கொடுத்துவிடுவோரும் உள்ளனர். இரு சாராரும் வழி தவறுகின்றனர்.

இப்போராட்டத்தை ஒளிவுமறைவின்றி நமக்கு எழுதி வைத்தவர் புனித அகுஸ்தினார். அவர் 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பின்போது மிலான் நகரில், ஆயர் புனித அம்புரோசியாரின் கரங்களால் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மகனும் நண்பர் அலிப்பியுசும் அவருடனேயே திருமுழுக்குப் பெற்றனர். தாய் புனித மோனிக்கம்மாள் பல்லாண்டுகள் கண்ணீரோடு செபித்ததன் பலனாக விளைந்த இரவு அது. நம்மில் பலர் அகுஸ்தினாரின் வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றோம். அவர் அவ்வாறு முடிக்கவில்லை.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின், வட ஆபிரிக்காவின் இப்போ நகரில் ஆயராக இருந்த காலத்தில் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலை அவர் எழுதத் தொடங்கினார். அதன் பத்தாம் பகுதியில், தாம் முன்பு எப்படி இருந்தார் என்பதை அன்று, இப்போது எப்படி இருக்கிறார் என்பதையே இறைவன் முன் அறிக்கையிடுகின்றார். பழைய வாழ்வின் காட்சிகள் கனவில் இன்னும் வருகின்றன என்கிறார். குடிவெறி தம்மை அணுகவில்லை எனினும், உணவில் அளவு மீறுவது சில வேளைகளில் தம்மை மேற்கொள்கின்றது என்கிறார். ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்தே தம் மனம் சிதறிப்போவதையும் ஒப்புக்கொள்கிறார். மக்களின் புகழுரை தமக்கு இன்பம் தருவதையும் மறைக்கவில்லை.

ஆயர் ஒருவர், தம் மந்தை வாசிக்கும் நூலில் இப்படி எழுதினார்! அவருடைய திருமுழுக்கு பொய்த்துவிட்டதா? இல்லை. உயிருள்ள உடல்தான் வலியை உணரும். பாவத்தில் மரத்துப்போன மனத்துக்குப் போராட்டமே இராது. முன்பு குடித்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர் இன்று உறங்க இயலாமல் தவிக்கிறார் எனில், அத்தவிப்பே அவருள் அருள் செயலாற்றுவதற்கு அடையாளம் அன்றோ?

பெரியவர்களைத் திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்தும் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, இலாசர் உயிர்பெற்ற நற்செய்தி அவர்களுக்கென வாசிக்கப்படுகின்றது. கல்லறையிலிருந்து இலாசர் எப்படி வெளியே வந்தார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உயிரோடு வந்தார், ஆனால் கைகால்கள் துணிகளால் கட்டப்பட்டும் முகம் மூடப்பட்டும் வந்தார். அப்போது இயேசு, கட்டுகளை அவிழ்த்து அவரைப் போகவிடுமாறு அருகே நின்றவர்களிடம் கூறினார் (யோவான் 11:44). உயிர் கொடுத்தது ஆண்டவரின் குரல். கட்டுகளை அவிழ்க்கும் பணியையோ அவர் சூழ நின்ற மனிதரிடம் ஒப்படைத்தார்.

இப்பகுதிக்கு விளக்கமளித்த புனித அகுஸ்தினார், இலாசர் வெளியே வருவதைப் பாவ அறிக்கைக்கும், கட்டு அவிழ்க்கப்படுவதைத் திருஅவையின் பணியாளர் வழங்கும் விடுதலைக்கும் ஒப்பிடுகின்றார். ஆகவே, புதிதாக விசுவாசத்துக்குள் வந்த சகோதரரே, சகோதரியே, மீண்டும் கல்லறைக்குள் சென்று ஒளிந்துகொள்ளாதீர்கள். திருமுழுக்கு ஒரே முறை பெறுவது. அதன் முத்திரை எப்பாவத்தாலும் அழியாது. ஆதலால், அதனை மறுபடியும் பெற வேண்டியதில்லை, பெறவும் இயலாது. விழுந்தவருக்கென ஆண்டவர் ஏற்படுத்தியிருப்பது ஒப்புரவு அருட்சாதனம். கப்பல் உடைந்தபின் கைக்கு எட்டும் மரப்பலகை என இதனைத் திருஅவைத் தந்தையர் அழைத்தனர். கடலை அறிந்த நம் மக்களுக்கு அப்பலகையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குருவானவரிடம் செல்லுங்கள், பாவத்தைப் பொதுப்படையாகச் சொல்லாமல் பெயரிட்டுச் சொல்லுங்கள். உங்களை வீழ்த்தும் இடத்தையும் வேளையையும் விலக்குங்கள். மீண்டும் விழுந்தால் மீண்டும் செல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யும்வரை நற்கருணை உட்கொள்ள இயலாத நிலையிலும் ஞாயிறு திருப்பலியை விட்டுவிடாதீர்கள். நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்லாமல் குணமடைவது எப்படி?

இனி, அவரைச் சூழ்ந்திருக்கும் குடும்பத்தாரே, ஞானப்பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். திருமுழுக்கில் பெற்ற அருளை வளர்த்துக் காப்பதில் திருஅவைச் சமூகம் முழுவதற்கும் பொறுப்பு உண்டு எனக் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி கூறுகின்றது (1255). அந்த இரவில் நாமும் எரியும் திரிகளோடு அங்கே நின்றிருந்தோம். அவர் விழுந்தபோது நாம் செய்தது என்ன? ‘திருந்தவில்லையே’ என்று நாம் கூறிய ஒவ்வொரு சொல்லும் அவிழ்க்க வேண்டிய கட்டின்மேல் இன்னொரு கட்டு அன்றோ? கொண்டாட்ட வீட்டில் அவர் கையில் மீண்டும் கிண்ணத்தைத் திணித்தது பிறவிக் கத்தோலிக்கராகிய நம்மவரே என்றால், அந்த வெட்கம் யாருடையது?

அவருக்காக நாம் பெருஞ்செயல் எதுவும் ஆற்ற வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை மாலை குடும்பச் செபமாலையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை அவர் வாசலுக்குச் சென்று, குறை எதுவும் கூறாமல், ‘வாருங்கள், சேர்ந்து பூசைக்குப் போவோம்’ என்று மட்டும் அழையுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு அவரை அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நின்றுவிடாதீர்கள். அவருக்கு முன்னே நீங்கள் சென்று முழந்தாளிடுங்கள். விசுவாசத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களாகிய நமக்கும் அவிழாத கட்டுகள் எத்தனையோ உண்டு என்பதை அப்போது அவர் அறிந்துகொள்வார். தாம் தனித்து விடப்படவில்லை என்பதையும் உணர்வார்.

இலாசரின் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர், போராடும் நம் சகோதரரையும் சகோதரியையும் வலுப்படுத்துவாராக. அவர்களின் கட்டுகளை அவிழ்க்கும் கரங்களாக நம்மையும் ஆக்குவாராக. ஆமென்.