உழவர் குடும்பங்களில் உடல் பருமன்: காரணமும் தடுப்பும்



மெலிவது ஏழையின் நோய், பருமன் பட்டணத்துச் செல்வரின் நோய் என்று நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். இன்று அந்த எண்ணம் பொருந்தாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் உயரத்திற்கு மிஞ்சிய எடையுடன் இருக்கின்றனர். 2015-16இல் நடந்த ஆய்வில் இது பெண்களில் 31 ஆகவும் ஆண்களில் 28 ஆகவும் இருந்தது. அதாவது நூறு பேருக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் சில ஆண்டுகளுக்குள் கூடியிருக்கின்றனர்.

இந்த மாற்றம் எவ்வாறு வந்தது, உழவர் குடும்பங்கள் இதை எவ்வாறு தடுக்கலாம் என்பதைத் திருத்தணி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு காண்போம்.

தாத்தாவின் உழைப்பு

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தது. நெல், கரும்பு, நிலக்கடலை விளையும் பகுதி இது. அந்நாளில் இங்கு உழவு மாட்டைக் கொண்டே நடந்தது. நாட்டுக் கலப்பையின் சால் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் விழுவதாகக் கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு முறை உழுவதற்கு உழவர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடைக்கு மட்டுமே 1,000 கலோரிக்கு மேல் சக்தி செலவாகும். கலப்பையை அழுத்திப் பிடிப்பதற்கும், மாட்டைத் திருப்புவதற்கும் ஆகும் சக்தி தனி. இவ்வாறு ஒரே நிலத்தை மூன்று நான்கு முறை உழுதனர்.

வீட்டிலும் வேலை குறைவில்லை. கிணற்றில் நீர் சேந்துவது, உரலில் குத்துவது, அம்மியில் அரைப்பது, விறகு சுமப்பது என்று பெண்கள் விடியுமுன் தொடங்கி இரவு வரை உழைத்தனர். நெசவுக்குப் பெயர் பெற்ற பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் கைத்தறியில் அமர்ந்தவரும் நாள் முழுவதும் காலால் மிதித்துக் கொண்டே இருந்தனர்.

உணவு பெரும்பாலும் கேழ்வரகும் கம்புமே. தமிழர் களி என்பதைத் தெலுங்கர் சங்கடி என்பர். பெயர் வேறு, உருண்டை ஒன்றே. இட்லியும் தோசையும் பண்டிகை நாளின் பலகாரங்கள். எண்ணெய் அளந்தே செலவிடப்பட்டது.

தந்தையின் காலம், பிள்ளையின் காலம்

1966இல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற உயர் விளைச்சல் நெல் இரகங்களும், மின் இறைவைப் பம்பும், டிராக்டரும் தந்தையின் காலத்தில் படிப்படியாக வந்தன. நெல் பெருகியது. அரிசிச் சோறு மூன்று வேளையும் கிட்டியது. பசி தீர்ந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

பிள்ளையின் காலத்தில் மாற்றம் மேலும் விரைவுபட்டது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் மூலம் பாமாயில் குறைந்த விலையில் கிடைக்கலாயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. அதே ஆண்டு விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டமும் தொடங்கியது. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி ஓடுகிறது. இளைஞர்கள் மின்சார ரயிலில் சென்னைப் பக்கமும், கம்பெனி பஸ்ஸில் தொழிற்பேட்டைகளுக்கும் சென்று, நின்ற இடத்திலோ உட்கார்ந்த இடத்திலோ வேலை செய்கின்றனர். இரவு முறை வேலையில் டீயும் வடையும் பரோட்டாவும் துணை. ஊரில் இருப்பவரும் கொல்லைக்கு மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். கேழ்வரகுக் கூழோ பல வீடுகளில் ஆடி மாதம் அம்மன் கோயிலில் வார்க்கும் அளவில் நின்றுவிட்டது.

ஆகவே, தாத்தாவின் இலையில் விழுந்த சோற்றின் அளவு பேரனின் தட்டிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் செரித்துச் செலவழித்த உழைப்பு இயந்திரத்திற்குப் போய்விட்டது. அத்துடன் எண்ணெயும் சர்க்கரையும் கூடிவிட்டன. பருமன் ஏற இதுவே முதற்காரணம். தனி மனிதரின் சோம்பலை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

சேமிக்கப் பழகிய உடல்

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. தாய் போதிய உணவின்றி இருந்தால் கருவிலுள்ள குழந்தை குறைந்த எடையுடன் பிறக்கும். அத்தகைய உடல் கிடைப்பதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் இயல்புடையது. இந்தியக் குழந்தைகள் ஒல்லியாகப் பிறந்தாலும், தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருப்பதைப் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரின் ஆய்வு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பிறந்தவர்களின் எடையும் வளர்ச்சியும் பதிவு செய்யப்பட்டிருந்தன. அவர்களில் 2,218 பேரை ஏறக்குறைய 28 வயதில் மீண்டும் பரிசோதித்தனர். குறைந்த எடையுடன் பிறந்து, வளரும் பருவத்தில் எடை கூடி வந்தவர்களிடம் இரத்தச் சர்க்கரைக் கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது.

பஞ்சம் கண்ட குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்குள் உணவு பெருகி உழைப்பு குறையும்போது, பிள்ளைகளுக்கு இளவயதிலேயே தொந்தியும் நீரிழிவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கருவுற்ற பெண்ணுக்குச் சத்துணவு கொடுப்பது பேரப்பிள்ளையின் நீரிழிவைத் தடுக்கும் செயலும் ஆகும் என்பதை மனத்தில் கொள்க.

ஏன் கவலைப்பட வேண்டும்?

பருமன் தனியே வருவதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், மூட்டு வலி ஆகியவை அதன் பின்னால் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது.

உழவருக்கு இதில் தனிப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். வெறுங்காலுடன் சேற்றிலும் கரும்புத் தோட்டத்திலும் நடப்பவருக்கு முள் தைத்தாலும், சோகை கிழித்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே இழக்க நேரலாம். காலை இழந்த உழவரின் குடும்பம் நிலத்தையும் இழக்கும் நிலைக்கு வரக்கூடும்.

உங்கள் நிலையை அறிவது எப்படி?

1. எடையைக் கிலோகிராமிலும், உயரத்தை மீட்டரிலும் அளந்து கொள்ளுங்கள். எடையை உயரத்தால் இருமுறை வகுக்கவும். எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு 25 வரும். இந்தியருக்கு 23க்கு மேல் எச்சரிக்கை, 25க்கு மேல் பருமன் எனக் கொள்ளப்படுகிறது.

2. தையற்காரர் நாடாவினால் இடுப்பைச் சுற்றி அளக்கவும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கை கால் மெலிந்திருந்தாலும் தொந்தி இந்த அளவைத் தாண்டினால் ஆபத்தே.

3. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கொள்ள வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வீட்டிற்கு வரும்போதும் இவ்வசதியைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

படி ஏறினால் போதுமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். இப்போது மேலே வரை வண்டி செல்லும் பாதையும் உள்ளது. கிருத்திகைக்கு ஒருமுறை படி ஏறினால் உண்டதெல்லாம் கரைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்குப் பார்ப்போம். ஒரு படி அரை அடி உயரம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் 365 படிகளை ஏற ஏறத்தாழ 40 கலோரி செலவாகும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் உள்ள சக்தியும் அதே 40 கலோரிதான்.

படி ஏறுவது இருதயத்திற்கும் கால் தசைக்கும் நல்லது; முடிந்தவர்கள் ஏறுங்கள். ஆனால் தாத்தாவின் உடலைக் கட்டாக வைத்தது மாதம் ஒரு நாள் ஏற்றமன்று, அன்றாட உழைப்பு. எனவே உடல் அசைவு அன்றாடம் இருக்க வேண்டும். எண்ணெயையும் குறைக்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

உலக்கையையும் ஏற்றத்தையும் மீண்டும் எடுங்கள் என்று கூறுவது நோக்கமன்று. அவை பெண்களின் முதுகை ஒடித்த வேலைகள். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பகுதியை உடலுக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

1. அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியம்: நாளுக்கு ஒரு வேளை கேழ்வரகு அல்லது கம்பு உண்ணுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலின்படி 100 கிராம் தானியத்தில் உள்ளவை:

தீட்டிய அரிசி: 356 கலோரி, நார்ச்சத்து 2.8 கிராம், சுண்ணாம்புச் சத்து 7 மில்லிகிராம்.
கேழ்வரகு: 321 கலோரி, நார்ச்சத்து 11.2 கிராம், சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம்.
கம்பு: 348 கலோரி, நார்ச்சத்து 11.5 கிராம், சுண்ணாம்புச் சத்து 27 மில்லிகிராம்.

கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். நார்ச்சத்து மிகுந்திருப்பதால் வயிறு விரைவில் நிறைந்து பசி தாமதமாக எடுக்கும் என்பதே பயன். சோறும் தின்று அதன்மேல் களியும் தின்றால் எடை கூடத்தான் செய்யும்.

2. தட்டின் அமைப்பு: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, கடின உழைப்பில்லாத ஒருவருக்கு நாளுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம் போதும். சோற்றைக் குறைத்த அளவுக்குக் காயும் பருப்பும் கூட வேண்டும்.

3. எண்ணெய்: ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டிற்கு மாதம் மூன்றரை லிட்டருக்கு மேல் செலவாகக் கூடாது. மாதத் தொடக்கத்தில் அளந்து தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் கணக்குத் தெரியும்.

4. சர்க்கரை: நாளுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட டீ நான்கு குடித்தால் 40 கிராம் ஆகிவிடும். கரும்பு விளைவிப்பவர்க்கும் இந்த அளவே பொருந்தும். வெல்லமும் சர்க்கரையே.

5. உடல் அசைவு: நாள்தோறும் 30 முதல் 45 நிமிடம் விரைந்து நடக்கவும். கொல்லைக்கு நடந்தே சென்று வரலாம். களை கொத்துதல், வரப்பு வெட்டுதல் போன்ற வேலையில் உட்கார்ந்திருப்பதைப் போல் நான்கு மடங்கு சக்தி செலவாகும். பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள்.

6. வீட்டுக்குப் பத்து சென்ட்: விற்பனைக்கு நெல்லும் கரும்பும் இருக்கட்டும். குடும்பத்திற்கென இறவையில் பத்து சென்ட் கேழ்வரகு நடுங்கள். அரை சென்ட் நாற்றங்காலும் 200 கிராம் விதையும் போதும். 18 முதல் 20 நாள் வயதுடைய நாற்றைப் பிடுங்கி நடவும். கோ 15, அத்தியந்தல் 1 ஆகியவை ஏற்ற இரகங்கள். நன்கு பராமரித்தால் 100 கிலோ கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு நாளுக்கு ஒரு வேளை வீதம் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு அது வரும். வரப்பில் துவரையும், வேலியில் முருங்கையும், கிணற்றடியில் கீரையும் அவரையும் வளர்த்தால் காய்கறிச் செலவும் குறையும்.

எச்சரிக்கை

நீரிழிவுக்கு மாத்திரை அல்லது ஊசி எடுத்துக் கொள்பவர்கள் தாமாகவே உணவை வெகுவாகக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் நிலத்தில் காலணி அணிந்தே வேலை செய்து, இரவில் பாதத்தைப் பார்த்துக் கொள்வது அவசியம். பட்டினி கிடப்பதும், விளம்பரத்தில் வரும் எடை குறைப்புப் பொடிகளை வாங்குவதும் தவறு.

பட்டணத்தில் இருப்பவர் நல்ல உணவையும் நடக்க இடத்தையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. உழவர் குடும்பத்திற்கு இவை இரண்டும் சொந்த நிலத்திலேயே உள்ளன. விதைக்கும் சாகுபடி ஆலோசனைக்கும் திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மற்றவர்கள் தத்தம் மாவட்ட நிலையங்களையும் அணுகலாம். வரும் பட்டத்திலேயே பத்து சென்டை ஒதுக்கி, குடும்பத்தின் நலம் காப்பீர்களாக.