சீன நகரங்களிடையே சிக்கனப் பிரயாணம்

தேசாந்தரப் பிரயாணம் செல்வர்க்கே உரியது என்னும் கொள்கை நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. அஃது ஓரளவே உண்மை. குறைந்த பொருளுடையாரும் நெடுந்தூரம் சென்று வரலாம்; ஆயின், எச்செலவைக் குறைத்தல் தகும், எதனைக் குறைத்தல் தகாது என்னும் தெளிவு அவர்க்கு இன்றியமையாதது. கணவனும் மனைவியுமாகிய யாம் இருவரும் 2024-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், முதுகில் ஆளுக்கொரு மூட்டையுடன், பெய்ஜிங், சியான், செங்டு என்னும் நகரங்களுக்கும், செங்டுவின் தெற்கேயுள்ள மலைநாட்டிற்கும் சென்று வந்தோம். அங்குக் கண்டறிந்தவற்றை மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

சீனத்தில் ஓடும் புகைவண்டிகளை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒன்று, 2008-ஆம் ஆண்டில் பெய்ஜிங்கிற்கும் தியான்ஜினுக்கும் இடையே மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இன்று தேசமெங்கும் பரவியுள்ள அதிவேக வண்டி. மற்றொன்று, பழைய பாதைகளிற் செல்லும் சாதாரண வண்டி. வண்டியெண்ணின் முன்னே ‘ஜி’ என்னும் எழுத்திருப்பின் அஃது அதிவேக வண்டி. ‘கே’ என்றிருப்பின் சாதாரண வண்டி. எழுத்தே இன்றி எண் மட்டும் இருப்பின் யாவற்றினும் மெதுவானது.

பெய்ஜிங்கினின்று சியான் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிவேக வண்டி ஐந்து மணி நேர அளவில் சேர்க்கும். கட்டணம் 500 யுவானுக்கு மேல். சாதாரண வண்டிக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும். ஆசனக் கட்டணம் ஏறத்தாழ 150 யுவானே. இத்துணை மலிவுக்குக் காரணம் யாது? சாதாரண வண்டிகளின் அடிப்படைக் கட்டணம் 1995-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன்பின் பெரிதும் உயர்த்தப்படவில்லை. அன்றியும், தூரம் மிகுந்தோறும் கட்டண வீதம் குறையும். முதல் 200 கிலோமீட்டருக்கு முழு வீதம். அப்பால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. அங்ஙனமே படிப்படியாகக் குறைந்து, 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் பாதி வீதமே கொள்ளப்படும். தொலைவிலுள்ள ஊரினின்று பிழைப்புத் தேடி வருவார்க்கு இஃது எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டா.

சாதாரண வண்டியில் மூவகை இடங்கள் உண்டு. ‘கடின ஆசனம்’ என்பது ஒரு வரிசையில் மூவரும் இருவருமாக அமரும் நிமிர்ந்த இருக்கை. பெட்டிக்கு 118 பேர். ஆசனம் கிடையாதார் அதே கட்டணத்தில் நின்றுகொண்டு செல்லலாம். ‘கடினப் படுக்கை’ பெயரளவிற்றான் கடினம். மெத்தை, தலையணை, போர்வை யாவும் உண்டு. கதவில்லாத அறைகளில் மூன்றடுக்காகப் பெட்டிக்கு 66 படுக்கைகள். கீழ்ப்படுக்கைக்குக் கட்டணம் மிகுதி, மேற்படுக்கைக்குக் குறைவு. இரவு பத்து மணியளவில் விளக்கணைப்பர். ‘மென்படுக்கை’யோ கதவுள்ள அறையில் நால்வர்க்கு உரியது.

பெய்ஜிங்கில் எம்மிடையே ஒரு வாதம் எழுந்தது. எம்முள் ஒருவர் இரவுப் பிரயாணத்திற்கும் ஆசனமே போதும் என்றார். மற்றவர் படுக்கை வேண்டும் என்றார். முடிவில் கணக்கிட்டுப் பார்த்தோம். அதிவேக வண்டியெனின் இருவர்க்கும் 1,000 யுவானுக்கு மேல். அன்றிரவு விடுதியறைக்கு மேலும் 160. படுக்கையெனின் இருவர்க்கும் ஏறத்தாழ 540. விடுதிச் செலவு இல்லை. ஆசனமெனின் 300, ஆயின், விடிந்தபின் கண் திறவாது கிடக்கும் ஒரு பகலையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். காணவந்த ஊரை உறங்கிக் கழிப்பது மலிவாகாது. ஆகவே, இரவிற்குப் படுக்கை, பகலிற்கு ஆசனம் என்று விதி வகுத்துக்கொண்டோம்.

சியான் நகரமே பண்டைச் சாங்கான். காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங், தாம் கொண்டு மீண்ட ஏடுகளைக் காக்கும்பொருட்டு 652-ஆம் ஆண்டில் எழுப்பிய கோபுரம் இன்றும் அங்குளது. அங்கிருந்து செங்டுவிற்கு 2017-ஆம் ஆண்டு முதல் அதிவேகப் பாதையும் உண்டு. அது சின்லிங் மலையைக் குடைந்து செல்கின்றது. யாம் பகல் வண்டியில் ஏறி, 1958-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாதையிற் சென்றோம். அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதால், சற்றுமுன் கடந்த தண்டவாளமே கீழே தோன்றும். எம் அருகில் மூட்டையின்மேல் அமர்ந்திருந்த மூதாட்டிக்கு ஆசனத்தை முறை வைத்துப் பகிர்ந்தளித்தோம். மொழி அறியாத எமக்கு அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தந்தார்.

செங்டுவின் தெற்கே, 1970-ஆம் ஆண்டில் முடிவுற்ற குன்மிங் பாதையில், பூசியோங்கிற்கும் பான்ஜிஹுவாவிற்கும் இடையே 5633 என்னும் வண்டி ஓடுகின்றது. தூரம் 353 கிலோமீட்டர். கட்டணம் 2 யுவான் முதல் 25.5 யுவான் வரை. யீ இனத்து உழவர் காய்கறி, கோழி, ஆடு முதலியவற்றைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று மீளவும் இதுவே துணை. 2022-ஆம் ஆண்டில் புதிய விரைவுப் பாதை திறக்கப்பட்ட பின்னரும் இவ்வண்டி நிறுத்தப்படவில்லை. விரைவு வேண்டுவார்க்கு விரைவைக் கொடுக்கும் ஓர் அரசு, மெதுவான வண்டியையன்றி வேறு வழியில்லாதாரையும் மறவாதிருத்தல் வேண்டும் என்பதை யாம் இங்கே உணர்ந்தோம்.

செல்ல விரும்புவார்க்குச் சில குறிப்புகள். பிரயாண அனுமதிப் புத்தகமே சீட்டாகும். இடங்கள் பொதுவாகப் பதினைந்து நாள் முன்பு விற்பனைக்கு வரும். வசந்த விழாக் காலத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்க்க. வண்டிகளிலும் நிலையங்களிலும் கொதிநீர் இலவசம். ஒரு குவளையும் உலர்ந்த சேமியாவும் இருப்பின் உணவுக்குக் கவலையில்லை. 2023-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு வங்கி அட்டையைக் கைப்பேசிச் செயலியில் இணைத்துப் பணம் செலுத்தலாம். ஒரு சிற்றூரில் ஒரு விடுதியார் அயல்நாட்டாரை ஏற்க மறுத்தனர். அங்ஙனம் மறுத்தலாகாது என்று அரசு 2024-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருப்பினும், இரவில் வாதிடுவதினும் வேறிடம் தேடுவதே எளிது. அதற்கென ஒதுக்கி வைத்த சிறுதொகை எமக்கு உதவிற்று.

தொகுத்துக் கூறுமிடத்து, விரைவையும் ஆடம்பரத்தையும் குறைத்தல் சிக்கனம். உறக்கத்தையும் அவசரத்திற்குரிய கைப்பொருளையும் குறைத்தல் சிக்கனம் ஆகாது. இருவர் சேர்ந்து செல்லுமிடத்து இவ்வேறுபாட்டைப் புறப்படுமுன்னரே பேசித் துணிந்துகொள்வாராயின், பொருளும் மிஞ்சும், நட்பும் குறையாது.